யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?

நெரிடாவுக்குக் கல்நெஞ்சு என்று ஆஸ்திரேலியக் கடற்கரை ஊரான பெலிக்கன் பாயிண்ட் முழுக்கப் பேச்சு.

பின்னே? மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகப் படகு இறக்கும் சரிவுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, ஃபிளாஸ்க்கும் நோட்டுமாக உட்கார்ந்திருக்கிறாள். அங்கே வேடிக்கை பார்ப்பது ஊர்ப்பழக்கம்தான். பெலிக்கன் பறவைகள்கூடக் குடும்பத்தோடு வந்துவிடும். ஆனால் படகு மூழ்கும்போது எழுந்துபோய்க் கேள்வி கேட்பவள் இவள் ஒருத்திதான்.

அன்றைக்கு ஒரு புதுப்படகு, அடித்துளைக்குத் தக்கை போடாமலே தண்ணீரில் இறங்கியது. ஐந்தே நிமிடம். இடுப்பளவு தண்ணீரில் ஐஸ்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார் சொந்தக்காரர்.

"சார், படகு ஓட்ட யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"யம்மா, நான் முழுகிக்கிட்டிருக்கேன். உனக்கு என் குருநாதர் பேரு வேணுமா?"

"பேரைச் சொல்லிட்டு முழுகுங்களேன்."

"மெர்வ் ட்ரான்டர்! தங்கமான மனுஷன். போதுமா?"

நெரிடா நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.

அடுத்தவர் ட்ரெய்லரின் வாரை அவசரப்பட்டு அவிழ்த்தார். படகு தண்ணீருக்குப் போகாமல் கான்கிரீட்டில் உட்கார்ந்துவிட்டது. அவருக்கும் மெர்வ்தான். இன்னொருவர் ஹேண்ட்பிரேக் போட மறந்தார். கார் தன்பாட்டுக்குக் கடலுக்குப் புறப்பட்டது, டிரைவர் சீட்டில் நாயோடு. நாய் கொஞ்சம் நேராகவே ஓட்டியது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அவரும் மெர்வின் சீடர்.

சத்தமில்லாமல் இரண்டே நிமிடத்தில் படகை இறக்கியவர்களையும் விடாமல் கேட்டாள். அவர்கள் பெயரைச் சொல்லும்போதே பல்லைக் கடித்தார்கள்.

"பெவ் ஹார்டிகன். மூணு தடவை ஃபெயில் போட்டா, பாவி!"

நெரிடா நோட்டை மூடினாள்.

விஷயம் மெர்வ் காதுக்குப் போய், ஆளே நேரில் வந்துவிட்டார்.

"என்ன நெரிடா, உள்ளூர்ல என்னை வெச்சுக்கிட்டு, தொண்ணூறு கிலோமீட்டர் போய் அந்தப் பெவ்கிட்ட கத்துக்கப் போறியாமே? என்கிட்ட அரை நாள்தான். எனக்கும் அரசாங்க அங்கீகாரம், அவளுக்கும் அரசாங்க அங்கீகாரம். ஒரே லைசென்ஸ், ஒரே முத்திரை!"

"முத்திரையைக் கடல் படிச்சுப் பார்க்குமா மெர்வ்?"

சுற்றி நின்றவர்கள் 'ஓ' போட்டார்கள்.

"அவ உன்னை அழவெச்சு அனுப்புவா, பாரு."

"அழுதுட்டு மறுபடி போவேன்."

"எத்தனை தடவை?"

"அவளுக்குச் சலிக்கிற வரைக்கும். எங்க வீட்டுக்காரர் ரஸ்ஸுக்கு நீச்சல் தெரியாது. குளியல் தொட்டியிலயே கைப்பிடியை விடமாட்டாரு. கண்ணு வேற நாளுக்கு நாள் மங்குது. அதுக்குள்ள ஒரு தடவை திமிங்கலத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கணும்னு, என்னை நம்பிப் படகுல ஏறப் போறாரு. எனக்குக் கத்துக்குடுக்கிற ஆளு வேணும் மெர்வ். கையெழுத்துப் போடுற ஆளு வேண்டாம்."

மெர்வின் முகம் செத்துவிட்டது. விடுவிடுவென்று நடந்து போய்விட்டார்.

ஊருக்கு மனசு கேட்கவில்லை. யார் மனமும் நோகக்கூடாது என்று எல்லோருக்கும் பாஸ் போடுகிற மனுஷனை இப்படியா பேசுவது? திமிர் பிடித்தவள்!

சனிக்கிழமை நெரிடா பெவ்விடம் போனாள். படகைக் கிளப்புமுன் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

"பின்னாடி ஒருத்தன் நீந்திக்கிட்டிருந்தா இப்ப அவன் துண்டுதுண்டா இருப்பான். ஃபெயில்" என்றாள் பெவ்.

தொண்ணூறு கிலோமீட்டரும் அழுதுகொண்டே வந்தாள் நெரிடா. அடுத்த சனிக்கிழமை மறுபடி போனாள். தண்ணீரில் விழுந்த ஆளாக நினைத்து எடுக்கச் சொன்ன மிதவையை, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் போய் இடித்தாள். ஃபெயில். அந்த வாரம் முழுக்க அடுக்களையில் வாணலியை ஸ்டீயரிங்காகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பழகினாள். ரஸ் முகம் சுளிக்காமல் கருகின முட்டையைத் தின்றார்.

மூன்றாவது சனிக்கிழமை, மிதவை பூப்போல அவள் கைக்கு வந்தது. பெவ் சிரிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

"வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போங்க. லைஃப் ஜாக்கெட்டை மட்டும் கழட்ட விடாதீங்க."

கால் தரையில் பாவாமல் வெளியே வந்தாள் நெரிடா. அடுத்த வகுப்புக்காகப் பதினாறு பதினேழு வயசுப் பெண் ஒருத்தி நகத்தைக் கடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, ரொம்பக் கஷ்டமா?"

"கஷ்டம்தான். ஆனா சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கே. யார் சொன்னது?"

"எங்க அப்பா. நான் பிரிஸ்பேன்ல அம்மாவோட இருக்கேன், லீவுக்கு வந்தேன். கத்துக்கிட்டா இங்கதான் கத்துக்கணும், வேற யார்கிட்டயும் கூடாதுன்னு ஒத்தைக்கால்ல நின்னு கூட்டிட்டு வந்துட்டாரு."

"நல்ல மனுஷன்! உள்ள வரலையா?"

"வரமாட்டேன்னுட்டாரு. அதோ, கார்லயே இருக்காரு."

ஒரு கை குலுக்கிவிட்டுப் போகலாமென்று நெரிடா கார் பக்கம் நடந்தாள். உள்ளே ஒருவர் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு சீட்டுக்குள் புதைந்திருந்தார். கார்க் கதவை மறைத்து ஜன்னலில் ஒரு பெரிய துண்டு தொங்கியது.

கடற்காற்று துண்டைத் தூக்கியது. கதவில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது:

'மெர்வ் ட்ரான்டர் படகுப் பயிற்சி. இதுவரை ஒருவரும் ஃபெயில் இல்லை. நம்பி வாங்க!'