ஓவர்சியர் கேட்ட கேள்வி

"அன்னைக்கு அவரு குடிச்சிருந்தாரா, அக்கா?"

பஞ்சாயத்திலிருந்து வந்த ஓவர்சியர் ஷீஜா, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டது இதைத்தான்.

சரோஜத்துக்குச் சுரீரென்றது. உள்ளே கட்டிலில் அவள் புருஷன் சுந்தரதாஸ் காலுக்கடியில் தலையணை வைத்துப் படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை வேட்டி கட்டி, பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சர்ச்சுக்குப் போன மனுஷன்.

போகிற வழியில் ரோட்டோரத்தில், குடிநீர்க் குழாய் போடப் பஞ்சாயத்து தோண்டிய குழி ஒன்று. விடிய விடியப் பெய்த மழையில் தண்ணீர் நிரம்பி, ரோடு எது குழி எது என்று தெரியாமல் கிடந்தது. சுற்றிலும் ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. தண்ணீர்தானே என்று கால் வைத்தார். முழங்காலில் முட்டுச்சிரட்டை மூன்றாக உடைந்துபோனது.

தரையில் டைல்ஸ் ஒட்டுகிற வேலை அவருக்கு. நாள் பூரா முட்டுக் குத்தி இருக்க வேண்டும். இனி அந்தக் கால் முழுசாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நஷ்டஈடு கேட்டு மனு கொடுத்து ஒன்றரை மாதம் கழித்து ஒருத்தி வருகிறாள், வந்ததும் கேட்கிற கேள்வி இது.

"சர்ச்சுக்குப் போற ஆளப் பத்திக் கேக்குற கேள்வியா இது?"

ஷீஜாவின் முகம் மாறவே இல்லை. "உண்டா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"இல்ல."

எழுதிக்கொண்டாள்.

அதோடு விட்டாளா? கண்ணாடி போடுகிறவரா, அன்றைக்குப் போட்டிருந்தாரா, என்ன செருப்பு, போனில் பேசிக்கொண்டு நடந்தாரா, அந்தக் குழியை முன்னாடியே பார்த்திருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சுந்தரதாஸ் படுத்தபடியே பொறுமையாகப் பதில் சொன்னார். சரோஜத்துக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

நாலு நாள் கழித்து மறுபடியும் வந்தாள். ஆஸ்பத்திரியில் முதன்முதலில் எழுதின சீட்டு வேண்டுமாம். சரோஜம் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் கம்பி வழியாகவே நீட்டினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஷீஜா நனைந்துகொண்டே ரோட்டுக்குப் போய், இன்னும் மூடாமல் கிடந்த குழியை டேப் வைத்து அளந்தாள். உள்ளே ஏறி வா என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை சரோஜத்துக்கு.

நாத்தனார் மகன் சஜு, உதியன்குளங்கரையில் ஆட்டோ ஓட்டுகிறவன், ஷீஜா கேட்டதையெல்லாம் சரோஜம் சொல்லக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். குடிச்சார், கண்ணு தெரியல்ல, போன்ல பேசினார் என்று ஏதாவது ஒன்றை மாமன் தலையில் கட்டி மனுவைத் தள்ளுகிற வழி அது என்றான்.

"அவ பஞ்சாயத்து சம்பளம் வாங்குறவளாக்கும், மாமி. நமக்காட்டு எழுதுவாளா?"

அவன் சொன்னது போலவே பஞ்சாயத்து மனுவை ஒத்துக்கொள்ளவில்லை. விவகாரம் நெய்யாற்றின்கரையில் கூடிய லோக் அதாலத்துக்கு, மக்கள் நீதிமன்றத்துக்குப் போனது. சஜுவின் ஆட்டோவில் சுந்தரதாஸைக் கால் நீட்டி உட்கார வைத்துக் கூட்டிப் போனார்கள். எதிர்ப் பக்கத்து பெஞ்சில், பஞ்சாயத்து வக்கீலுக்குப் பக்கத்தில் ஷீஜா உட்கார்ந்திருந்தாள். சரோஜம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கேரளத்துக் கோர்ட்டு, பேச்செல்லாம் மலையாளத்தில்தான். வக்கீல் எழுந்து, ஆள் குடித்திருக்க வாய்ப்புண்டு என்று தொடங்கினார்.

ஜட்ஜ் கையிலிருந்த ஓவர்சியர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். விபத்து நடந்த அரை மணி நேரத்தில் டாக்டர் எழுதின சீட்டு இதில் இருக்கிறது, மது வாடை இல்லை என்று அவரே குறித்திருக்கிறார் என்றார்.

கவனமில்லாமல் நடந்திருக்கலாம் என்றார் வக்கீல். கண்ணாடி போட்டிருந்தார், போன் வீட்டில் இருந்தது, குழி வெட்டின இரண்டு நாளும் அவர் வெளியூர் வேலையில் இருந்தார், எல்லாம் ரிப்போர்ட்டில் இருந்தது.

கயிறு கட்டித்தான் இருந்தது, யாரோ அவிழ்த்துவிட்டார்கள் என்றார் வக்கீல். கயிறே கட்டவில்லை என்று அக்கம்பக்கத்து ஐந்து வீட்டுக்காரர்கள் போட்ட கையெழுத்து இருந்தது. குழியின் அகலம், ஆழம், படம் எல்லாம் இருந்தது.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். சஜு மாமியைப் பார்த்தான். சரோஜத்துக்குத் தலை நிமிரவில்லை.

நஷ்டஈடு கொடுத்தே ஆக வேண்டும், அதில் இனிப் பேச்சில்லை என்றார் ஜட்ஜ். பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டி, சத்தமாக வாசித்தார்.

"விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வேலையைப் பார்க்க வந்த பொறுப்பாளர், குழிக்குத் தடுப்பு இல்லாததைக் கண்டும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் போய்விட்டார்."

நிமிர்ந்து, "பேர் எழுதலயே. யார் அந்த ஆள்?" என்று கேட்டார்.

பேரெல்லாம் இங்கே தேவையில்லை என்று வக்கீல் பாதி எழுந்தார். அதற்குள் ஷீஜா எழுந்துவிட்டாள். அதுவரை மலையாளத்திலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், ஜட்ஜைப் பார்க்காமல் சரோஜத்தின் பக்கம் திரும்பினாள்.

"எழுதுறதுக்குக் கை வரல்ல, அக்கா. அந்த ஆளு நான் ஆக்கும்."