பேச்சில்லாத வீடு

தொள்ளாயிரத்து அறுபது மணி நேரம் மகிழினியின் வீட்டில் பேச்சுக்கே தடை. யாரோ செல்லமாக வளர்த்துக் கைவிட்ட தேவாங்குக் குட்டியை வனத்துறை அங்கே ஒப்படைத்திருந்தது. காட்டில் விடும் முன் அது மனிதக் குரலை மறக்க வேண்டும். மறக்காவிட்டால், ஆள் குரல் கேட்டதும் மரத்தை விட்டு இறங்கி வந்து மறுபடி பிடிபட்டுவிடும்.

கணவன் ஆதவன்தான் கெடுபிடி. அவள் இருமினால்கூட உதட்டில் விரல் வைப்பான். சண்டையையும் சிலேட்டில் எழுதித்தான் போட்டார்கள்.

நாற்பது நாள் முடிந்த காலை வனத்துறை அதிகாரி நூர்ஜகான் இருவரையும் தெருவுக்கு அழைத்தார்.

"குட்டி உள்ள இருக்கு. இங்க பேசலாம். அது காதுபட யாராச்சும் பேசினீங்களா?"

"இவரா விடுவாரு?" மகிழினிக்குத் தன் குரலே புதிதாக இருந்தது. "தும்மினதுக்கே முறைச்சாரு மேடம்."

நூர்ஜகான் சிரித்தபடி, குட்டியைக் காட்டில் விடுவதற்கான ஒப்புதல் தாளை நீட்டினார். மகிழினி கையெழுத்திட்டாள். பேனாவை வாங்கிய ஆதவன் எழுதாமல் நின்றான்.

"என்னங்க, பிரிய மனசில்லையா?" என்றாள் மகிழினி.

"அதைக் காட்டுல விட்டுடாதீங்க மேடம்," என்றான். "மகி, நீ குளிக்கப் போறப்பல்லாம், 'சாப்டியாடா தங்கம்'னு அதுகிட்ட தினமும் கேட்டுட்டேன்."