பறக்காத விமானத்தின் எடை

புலம்பெயர்ந்து ரோவில் என்ற புறநகரில் வசிக்கும் கேதீஸ்வரனுக்கு விமான மாதிரிகள் செய்வது பொழுதுபோக்கு. இம்முறை அவன் செய்தது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் வரைபடத்தோடு நிறுத்திவிட்ட ஒரு ஜெட் இரவுப் போர்விமானம். மூன்று இருக்கைகள் வைத்தான், ஆட்களை வைக்கவில்லை. கண்ணாடி மூடியை ஒட்டிவிட்டுக் குசினியில் சமையலுக்கு வைத்திருந்த தராசில் நிறுத்துப் பார்த்தான். நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.

மறுநாள் காலை முந்நூற்றுத் தொண்ணூறு. மாலையில் மீண்டும் நானூற்றுப் பன்னிரண்டு. ஒரு வாரமாக அப்படியே.

"எண்ணெய் முடிஞ்சு வாற மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள் மனைவி சிவாஜினி. சிறுவயதில் வன்னியில் விமானச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடியவள். வீட்டில் விமானம் இருப்பதே அவளுக்குப் பிடிக்காது. ஆனால் இப்போது காலையில் தராசை முதலில் பார்ப்பது அவள்தான்.

"இதை ஒருத்தரும் கட்டவே இல்லையப்பா. படம் கீறினதோட சரி."

"அப்ப இரவில எங்க பறந்து போட்டு வருது?"

சனிக்கிழமை காலை, மூச்சுப் பட்டதுபோல் கண்ணாடி மூடி மங்கியிருந்தது. சிவாஜினி துணியால் துடைத்தாள். போகவில்லை. மங்கல் உட்பக்கம் இருந்தது.

கேதீஸ்வரன் மூடியைப் பெயர்க்கக் கத்தியை எடுத்தான். அவள் கையைப் பிடித்தாள்.

"பொறுங்கோ. முதல்ல தட்டுங்கோ."

அவன் நகத்தால் இரண்டு முறை தட்டினான். மங்கலின் நடுவே, உள்ளிருந்து துடைத்ததுபோல் சிறு வட்டமொன்று மெல்லத் தெளிந்தது.