ராஜநாகம் பெற்ற வீடு

ராஜநாகம் யார் தோட்டத்தில் இலைகளைக் கூட்டிக் கூடு கட்டி முட்டையிடுகிறதோ, அந்த வீட்டார் குஞ்சு பொரியும்வரை வெளியே தங்க வேண்டும் என்பது சட்டம். வால்பாறையில் இந்த ஆண்டு அந்தப் பெருமை மாசிலாமணிக்கு. அரசு போர்த்திய சால்வையைக் கழற்றாமல் விடுதி அறையில் வீற்றிருந்தார்.

"கவுன்சிலர் வூட்டுக்கே வெறும் சாரைப்பாம்புதானுங்க வந்துச்சு" என்றார், பார்க்க வந்தவர்களிடம்.

"ஏனுங்க, நம்ம புள்ள தலப்பிரசவத்துக்கு வர்றாளே, எங்க படுக்க வெக்கறது?" என்றாள் மனைவி கனகம்.

"மாமியா வூட்டுலயே இருக்கட்டும். தாய்ப்பாம்பு பட்டினியாக் கெடந்து முட்டையக் காக்குது. பாவம், அதையப் போய்க் கெளப்ப முடியுமா?"

கனகம் கைபேசியை அவரிடம் நீட்டினாள். மகள் அழைப்பில்தான் இருந்தாள்.

"அதுக்கும் தலப்பிரசவமாப்பா?"