தூரத்திலிருந்து செய்யாதீர்கள்

இயந்திர அறைக் கதவு அவனுக்குப் பின்னால் மூடிக்கொண்டபோது கைப்பேசி அடித்தது.

தங்கை.

அவன் உடனே எடுக்கவில்லை. நூறு மின்விசிறிகளின் இரைச்சலில் காதில் விழவில்லை என்று சொல்லிவிடலாம்.

இருவருக்கும் ஒரே நிறுவனம்தான். அவள் வேறு ஊரில் உட்கார்ந்தபடி இந்த இயந்திரங்களை ஆட்டிவைப்பவள். அவன் அவற்றின் பக்கத்தில் நின்று கம்பி மாற்றுபவன்.

அம்மா இறந்த அன்று அவள் வந்துசேர முடியவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தாள். வாசலில் வைத்து அவன் ஒரு வார்த்தை சொன்னான். சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன மறுநொடியே அவனுக்குத் தெரிந்தது. அவள் செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போய்விட்டாள்.

அதன் பிறகு வேலைக் குறிப்புகள் மட்டும். "வட்டு மாற்றவும்." "மாற்றியாயிற்று."

இரண்டு மூன்று முறை அவள் எண்ணைத் திரையில் வரவழைத்து, என்ன பேசுவதென்று தெரியாமல் அணைத்திருக்கிறான்.

இன்று காலை வந்த குறிப்பு: "அவசரம். கடைசி வரிசைப் பழைய இயந்திரத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. நெட்வொர்க் கார்டை ஸ்விட்ச்சில் சேர்த்துவிட்டேன்."

அதைப் படித்துவிட்டு அடுத்த மேசைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னப்பா, டீச்சரே பரீட்சையில கோட்டை விட்டுட்டாங்க!"

அவர் சிரித்ததில் தப்பில்லை. அந்த இயந்திரத்துக்குள் வாடிக்கையாளர்களின் பல கணினிகள், மென்பொருள் வடிவில், குடித்தனம் நடத்துகின்றன. அவற்றின் பேச்சை வெளியே கொண்டுபோகும் ஸ்விட்ச் கையால் தொடக்கூடிய பெட்டியல்ல, வெறும் மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். அதைப் புதிதாக எடுப்பவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்றுதான். வெளிக்கம்பி செருகும் கார்டை ஸ்விட்ச்சிடம் கொடுத்துவிட்டு, இயந்திரத்தின் வலை முகவரியைக் கார்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த நொடியே தொடர்பு போய்விடும்.

அந்த மென்பொருளுக்கு வழக்கமாக வரும் கேள்விகள் என்று ஒரு பக்கம் உண்டு. அதில் முதல் கேள்வியே இதுதான். தமிழில் அதற்குப் பதில் எழுதியவள் அவன் தங்கை. முகவரியை ஸ்விட்ச்சுக்கு மாற்றுங்கள் என்று எழுதி, கீழே தடித்த எழுத்தில், இதைத் தூரத்திலிருந்து செய்யாதீர்கள் என்றும் எச்சரித்திருந்தாள்.

அவளா இதில் விழுந்தாள்?

காலையிலிருந்து அவனை அரித்துக்கொண்டிருந்தது இந்தக் கேள்விதான். அதுவும் இந்த இயந்திரத்தில். மற்றவற்றின் திரையை அவள் வீட்டிலிருந்தே பார்க்க முடியும். இது ஒன்றுக்குத்தான் அந்த வசதி இல்லை. ஆள் நேரில் போய் விசைப்பலகையைச் செருகியாக வேண்டும்.

கடவுச்சொல் அவளிடம் மட்டுமே இருக்கிறது. அதை எழுதி அனுப்பக் கூடாது, குரலில்தான் சொல்ல வேண்டும் என்பது நிறுவனத்தின் கட்டுப்பாடு.

எடுத்தான். காதில் வைத்தபடியே கடைசி வரிசைக்குப் போய், திரையையும் விசைப்பலகையையும் செருகினான்.

இருவரும் ஹலோ சொல்லவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது. சளி பிடித்திருக்கிறதோ?

"சொல்லவா?" என்றாள்.

"சொல்லு."

"பெரிய கே. அப்புறம் சின்ன எல்."

"என்னது? ஏழா?"

"எல். லாரிக்கு வர எல். அடுத்து ஏழு. ஏழு தெரியுமில்ல?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். அறையின் குளிரில் விரல்கள் மரத்திருந்தன. ஒவ்வோர் எழுத்தாக அடித்தான். உள்ளே விட்டது.

இனி இரண்டே கட்டளைகள். கார்டிலிருந்து முகவரியை எடுக்க வேண்டும், ஸ்விட்ச்சுக்குக் கொடுக்க வேண்டும். முடிந்ததும் அவள் "சரி" என்பாள், வைத்துவிடுவாள். மறுபடியும் வட்டு மாற்றவும், மாற்றியாயிற்று.

"நீயே எழுதின பதில்தானே அது. எப்படி மறந்த?"

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சினாள்.

குத்திக்காட்டியதாக எடுத்துக்கொண்டாளோ? வாசலில் சொன்னதைப் போல இதுவும் போய்விட்டதோ? நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதை எப்படி விளக்குவதென்று தெரியவில்லை.

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், எத்தனை வாடிக்கையாளர்கள் தவித்துக்கொண்டிருப்பார்கள் என்று பார்க்க நினைத்தான். ஸ்விட்ச்சில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று கேட்கும் கட்டளையை அடித்தான்.

திரையில் இரண்டு வரிகள். ஸ்விட்ச்சின் சொந்த இணைப்பு ஒன்று, அந்தக் கார்டு ஒன்று.

வேறு யாரும் இல்லை.

தப்பாக அடித்துவிட்டோமோ என்று மறுபடி அடித்தான். அதேதான். பக்கத்து இயந்திரத்தைப் பார்த்தான். அதன் பச்சை விளக்குகள் இடைவிடாமல் துடித்துக்கொண்டிருந்தன. இங்கே குடியிருந்த கணினிகள் அத்தனையும் காலையிலேயே, ஒரு சின்னத் தடங்கலும் இல்லாமல், அங்கே குடிபெயர்ந்திருந்தன. அவ்வளவு பதமாகச் செய்ய அவளால்தான் முடியும்.

எல்லோரையும் பத்திரமாக இறக்கிவிட்ட பிறகு, காலி இயந்திரத்தில்தான் அவள் தெரிந்தே கார்டைத் தொட்டிருக்கிறாள்.

"என்ன தெரியுது?" என்றாள்.

அவன் திரையைப் பார்த்தான். காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"சரியா புரியல. நேரமாகும் போல. லைன்லயே இரு."

விசைப்பலகையைக் கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தான்.