குர்பச்சன் என்றொரு பேர்

எல்லையில் குண்டு வெடித்த அந்த நாளைத் தணிகாசலத்தின் மூளையிலிருந்து ராணுவ மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். வேலூருக்குத் திரும்பியவன் ராத்திரி அலறாமல் தூங்கினான். மனைவி வெண்மதிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. காலையில் அவன் கேட்டான்:

"நம்ம பையனுக்கு யாரு குர்பச்சன்னு பேரு வெச்சது?"

வைத்தவனே அவன்தான். குண்டு வெடித்த அன்று அவனைத் தோளில் தூக்கிவந்து காப்பாற்றிவிட்டுச் செத்துப்போன சிநேகிதனின் பேர் அது.

வெண்மதி டாக்டருக்கு ஃபோன் போட்டாள்.

"குண்ட எடுக்கறேன்னுதானே சொன்னீங்க. அந்த மனுசன எதுக்கு எடுத்தீங்க?"

"ரெண்டும் ஒரே நினைவும்மா. சார் நல்லா தூங்குறார்ல? பையன் பேரை மாத்திடுங்க, தொந்தரவே இருக்காது."

"மாத்திக்க அது என்ன சட்டையா? ஒருத்தரோட உசுருய்யா அது."

அவள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே தணிகாசலத்தின் ஃபோன் அடித்தது. செத்துப்போன குர்பச்சனின் அம்மா வாரம் தவறாமல் பஞ்சாபிலிருந்து கூப்பிடுவாள். அவனை 'பேட்டா', மகனே, என்றுதான் அழைப்பாள்.

வெண்மதி ஓடிவந்து பிடுங்குவதற்குள் அவன் எடுத்துவிட்டான். கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டான். பிறகு, தெரியாத வயதான பெண்களை 'அம்மா' என்றழைக்கும் மரியாதையோடு இந்தியில் சொன்னான்:

"ராங் நம்பர், மாஜி."