அடி வாங்கத் தெரிந்தவன்

"இந்த ஊர்ல ஒழுங்கா அடி வாங்கத் தெரிஞ்சவங்க ஒருத்தருமே இல்லையா?"

கையிலிருந்த பேப்பர்க் கட்டை நாற்காலியில் வீசினாள் பிரியதர்ஷினி. டிவியில் வாராவாரம் வரப்போகும் 'ஐயையோ ஏட்டையா' என்ற போலீஸ் காமெடிக்கு அவள்தான் டைரக்டர். சின்ன காஞ்சிபுரத்தில் மூடிக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, மணமேடைக்கு அட்டையில் கம்பி அடித்து லாக்கப் ஆக்கியிருந்தார்கள். எல்லா வேஷத்துக்கும் ஆள் கிடைத்தாயிற்று. செய்யாத தப்புக்கு ஒவ்வொரு வாரமும் மாட்டிக்கொண்டு உதைபடும் அப்பாவி வேஷம்தான் பாக்கி.

வாலாஜாபாத்திலிருந்து வந்த பையன் லத்தியைத் தொட்டுப் பார்த்து, ஸ்பாஞ்சு என்று தெரிந்ததும் சிரித்துவிட்டான். அடுத்து வந்தவர் நாடகக்காரர். லத்தி மேலே படும் முன்பே ராகம் போட்டு அழுதார்.

"அந்தக் காலத்து டிவி போலீஸ் காமெடி மாதிரியே பண்றானுங்கம்மா" என்று சலித்துக்கொண்டார் அப்பாதுரை. ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர். ஸ்டேஷன் நடைமுறை சொல்லித்தர சேனல்காரர்கள் அமர்த்தியிருக்கும் ஆள். "தொப்பை, தொளதொள டிராயரு, அடிச்சா டொய்ங்னு ஒரு சத்தம். டிபார்ட்மென்ட்டையே கேவலப்படுத்திக்கினு இருந்தானுங்க."

"அதெல்லாம் ஓல்டு சார். இப்ப அடி ரியலா இருக்கணும், சிரிப்பும் வரணும். அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க."

பழசோ புதுசோ, அடி வாங்குகிறவனைப் பார்த்துச் சிரிப்பதில் நம் ஜனங்களுக்கு இன்றுவரை சலிப்பு வந்ததில்லை. சேனல்காரர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

அடுத்த ஆள் உள்ளே வந்தான். மாகறலைச் சேர்ந்த தனசேகரன். நாற்பது வயதிருக்கும், தலை பாதி நரைத்துவிட்டது. வாசலைத் தாண்டியவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"செட்டைப் பார்த்து அசந்துட்டாரு!" பிரியதர்ஷினி சிரித்தாள். "பயப்படாம வாங்கண்ணா, எல்லாம் அட்டைதான். இதுக்கு முன்னாடி நடிச்சிருக்கீங்களா?"

"இந்தப் பக்கமா சொல்லும்மா" என்று வலது காதைத் திருப்பினான். "இடது காது கேக்காது. நடிச்சதெல்லாம் இல்லம்மா. காது கேக்காதவன எவனும் கடையில வெச்சிக்க மாட்றான். சம்சாரம் பூ கட்டித்தான் பசங்க சாப்பிடுதுங்க. இது வாராவாரம் வேலைன்னு சொன்னாங்க..."

"நல்லா பண்ணா உங்களுக்குத்தான். சார் அடிக்கிற மாதிரி அடிப்பாரு. நீங்க..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. தனசேகரன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, உள்ளங்கால் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டான்.

அப்பாதுரைக்கு ஒரே குஷி. "பார்த்தியாம்மா? இவன்தான் ஆளு!"

ஸ்பாஞ்சு லத்தி உள்ளங்காலில் விழுந்தது. அவன் கத்தவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தான். லத்தியைத் திரும்ப ஓங்குவதற்குள் கால் விரல்கள் தாமாகவே மடங்கின. நாலு அடி விழுந்ததும் எழுந்து, நின்ற இடத்திலேயே குதிக்க ஆரம்பித்தான்.

"எதுக்குண்ணா குதிக்கிறீங்க?"

"வீக்கம் தெரியக் கூடாதில்லம்மா" என்றான் குதித்துக்கொண்டே.

கேமரா பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கிளம்பியது. பிரியதர்ஷினி அப்பாதுரையிடம் வசனத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு உறுமினார்.

"டேய், கோயில் யானைய எங்கடா ஒளிச்சு வெச்ச?"

"சத்தியமா அந்தப் பொடவைய நான் தொடலைங்கய்யா!"

மண்டபமே அதிர்ந்தது. யானையைக் கேட்டால் புடவை என்கிறானே! லைட்பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்பாதுரை சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை ஓங்கினார். தனசேகரன் சட்டென்று இடது கன்னத்தைக் காட்டினான்.

"இந்தப் பக்கமே அடிங்கய்யா. அந்தக் காது ஒண்ணுதான் கேக்குது."

பிரியதர்ஷினிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "என்னா டைமிங்ணா! எல்லாமே ஸ்கிரிப்ட்ல இல்லாதது! வேஷம் உங்களுக்குத்தான். நாளைக்கே வந்துடுங்க."

தனசேகரன் அவளைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். பொத்தான் ஓட்டையில் நுழையாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. பாவம், சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்பாதுரை பக்கத்தில் வந்து தோளில் தட்டினார்.

"எங்க சர்வீஸ்ல எத்தினியோ பேரைப் பார்த்திருக்கிறேன். உன்ன மாதிரி அடி வாங்குறவன பார்த்ததே இல்லடா! யாருடா உன் குரு?"

தனசேகரன் நிமிர்ந்து முதன்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நீங்கதாங்கய்யா. எடுக்காத பட்டுப் பொடவைக்கு லாக்கப்புல ஒக்கார வெச்சி கத்துக் குடுத்தீங்க. தட்சணையா இந்த இடது காதக்கூட அப்பவே வாங்கிக்கினீங்களே!"